ஆண்ட்ராய்டா ஐபோனா? அதைவிட முக்கியம், கணக்கு யார் பெயரில்?

கேள்வி: செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்று செய்ய ஆசை. கொஞ்சம் ஜாவா தெரியும், விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. பிறகு சந்தா வைக்கலாம், விதைகூட விற்கலாம் என்று நினைக்கிறேன். ஐபோனுக்குச் செய், அங்கேதான் காசு கொடுப்பார்கள் என்கிறார் நண்பர். ஒரு ஏஜென்சி இரண்டுக்கும் சேர்த்தே செய்து, ஸ்டோரில் அவர்கள் கணக்கிலேயே வெளியிட்டுத் தருகிறோம் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆண்ட்ராய்டில் தொடங்குங்கள். பெரிய காரணமெல்லாம் இல்லை, உங்களிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப், அவ்வளவுதான். ஐபோன் ஆப் செய்வதற்கான எக்ஸ்கோட் என்ற மென்பொருள் ஆப்பிளின் மேக் கணினியில் மட்டுமே ஓடும். அதை வாங்கிய பிறகும் ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும், கட்டாமல் விட்டால் ஸ்டோரிலிருந்து ஆப் காணாமல் போய்விடும். கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர். ஜாவா தெரிந்தவருக்கு, ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழி சீக்கிரம் பிடிபடும். ஐபோன்காரர்கள் ஆப்புக்குச் செலவழிக்க அவ்வளவாகத் தயங்குவதில்லை என்பது சரிதான், ஆனால் நீங்கள் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லையே. ஃப்ளட்டர் என்ற கருவியில் ஒரு தடவை எழுதினால் இரண்டிலும் ஓடும் என்பார்கள். ஓடும், ஆனால் ஐபோனுக்கான கோப்பை உருவாக்க அப்போதும் ஒரு மேக் வேண்டும், சொந்தமாகவோ வாடகைக்கோ. அதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இனி அந்த ஏஜென்சி. "எங்கள் கணக்கிலேயே போட்டுத் தருகிறோம்" என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். என்னிடம் ஒருவர் வந்தார். இரண்டு வருடம் உழைத்துப் பயனர்களைச் சேர்த்திருந்தார், ஆப் இருந்தது ஏஜென்சி கணக்கில். அதே கணக்கிலிருந்த வேறு யாருடைய ஆப்போ விதியை மீறியது, கணக்கையே மூடிவிட்டார்கள், இவருடையதும் சேர்ந்து போயிற்று. மேல்முறையீடு செய்தால் வருவது அச்சடித்த மாதிரி ஒரே பதில், எந்த விதி, எந்தத் திரை என்று சொல்ல அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதே சந்தேகம். அதனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். வேலை செய்பவரை உள்ளே சேர்த்து, வேண்டிய அனுமதி மட்டும் கொடுக்கும் வசதி இரண்டு ஸ்டோரிலுமே உண்டு. மூல நிரலையும், ஆப்பின் அடுத்த பதிப்புகளை வெளியிடத் தேவைப்படும் கையொப்பச் சாவியையும் கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு வியாபாரம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிடுவதற்கு முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ச்சியாகச் சோதிக்க வேண்டும் என்கிறது கூகுள். முதலில் 20 பேர் என்றார்கள், பிறகு இறங்கி வந்தார்கள். குப்பை ஆப்களைத் தடுக்கத்தான் இந்த விதியாம். குப்பை வந்துகொண்டேதான் இருக்கிறது, தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்தான் ஆள் தேடி அலைகிறார். இதைப் பார்த்து "சோதனையாளர் விற்பனைக்கு" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. வாங்காதீர்கள். ஆப்பைத் திறந்துகூடப் பார்க்காத 12 கணக்குகளைக் காட்டினால், இன்னும் சோதித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். செடி வளர்க்கும் 15 பேரைத் தெரிந்தவர்களிடமே பிடியுங்கள், இரண்டு மூன்று பேர் நடுவில் கழன்றாலும் எண்ணிக்கை நிற்கும்.

சந்தாவும் விதையும் ஒன்றல்ல, இதில் பலர் குழம்புகிறார்கள். ஐந்து செடிக்கு மேல் சேர்க்கச் சந்தா என்றால் அது ஆப்புக்குள்ளேயே பயன்படும் பொருள், பொதுவாக ஸ்டோர் வழியாக வசூலிக்க வேண்டும், சின்ன டெவலப்பர் என்றால் வழக்கமாக 15 சதவீதம் வரை ஸ்டோருக்குப் போகும். விதைப் பாக்கெட்டை அதே ஆப்பில் விற்றால் அந்தப் பங்கு கிடையாது, வீட்டுக்கு வந்து சேரும் பொருளுக்கு ஸ்டோரின் வசூல் முறையைப் பயன்படுத்தவே கூடாது. "வளர்ப்பு வீடியோ" ஒன்றை ஆப்புக்குள் தனியாக விற்றால் அது மறுபடி முதல் வகை. இரண்டுக்கும் ஒரே வசூல் முறையை வைத்தால் நிராகரிப்பு வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் ஆப்புக்கே உரிய ஒரு சிக்கல். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பல ஆண்ட்ராய்டு போன்கள் பின்னணியில் இருக்கும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், நினைவூட்டல் வராமலே போகலாம். விலை குறைந்த இரண்டு மூன்று மாடல்களில் ஓர் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். ஐபோனில் வேறு மாதிரி, ஓர் ஆப்புக்குக் காத்திருக்கும் நினைவூட்டல்களாக 64 மட்டுமே பதியலாம். பத்துச் செடிக்குத் தினம் ஒன்று என்று ஒரு வாரத்துக்குத் தனித்தனியாகப் பதிந்தாலே 70 ஆகிவிடுகிறது. ஐபோனுக்குப் போகும் நாளில் இதை யோசித்துக்கொள்ளலாம், இப்போதைக்கு அந்த 15 பேரின் பெயரை எழுதத் தொடங்குங்கள்.