புறாக்கூண்டு கூட்டுபவருக்கு விடாத காய்ச்சல்

கேள்வி: வியாசர்பாடியில் மொட்டைமாடியில் 40 ஹோமர் (பந்தயப்) புறா வளர்க்கிறேன். மூன்று வாரம் முன்பு வாங்கிய ஜோடியில் பெட்டைக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது, எச்சம் பச்சையாகப் போகிறது. கூண்டு கூட்டும் தம்பிக்கு ஆறு நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல். புறாவால் வந்ததா? டாக்சிசைக்ளின் பவுடரைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமா?

பதில்: முதலில் தம்பியைப் பாருங்கள். இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ கூட்டிப்போய், "வீட்டில் புறா இருக்கிறது, கூண்டை இவன்தான் கூட்டுகிறான்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்றுதான் தேடுவார்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்றுக்கும் பொருந்துகின்றன. கிளமிடியா சிட்டசி என்ற பாக்டீரியா காய்ந்த எச்சத் தூசியோடு மூச்சில் போய், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சலாக வெளிப்படும். அமாக்சிசிலினுக்கு இது சரியாகக் கட்டுப்படாது. டாக்சிசைக்ளின்தான் முதல் மருந்து. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரலாம்.

அந்த ஜோடியைத் தனிக்கூண்டில், மற்றவற்றுக்குக் காற்று போகாத பக்கம் வையுங்கள். ஒற்றைக்கண் வடிவது சந்தேகத்துக்குப் போதும், முடிவு கட்டப் போதாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, கண், வாய், எச்சவாய் மூன்றிலும் பஞ்சுக்குச்சி மாதிரி எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். நன்றாகப் பறக்கும் புறாவும் கிருமியைச் சுமக்கும். பந்தயம், குஞ்சு வளர்ப்பு, இடமாற்றம் என்று களைத்தால் எச்சத்தில் அதிகமாக வெளியேற்றும்.

பவுடரை நீங்களாகக் கலக்காதீர்கள். அளவு மருத்துவர் சொல்லட்டும். வழக்கமாக 45 நாள் கொடுக்க வேண்டியிருக்கும். பத்தாம் நாள் கண் தெளிந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள், நோய் திரும்புவது அங்கேதான். முட்டை ஓடு, கிளிஞ்சல் போன்றவற்றை அந்த நாட்களில் எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர் தண்ணீரும் உப்பும் சுண்ணாம்புமாக இருப்பதால் கேன் தண்ணீரில், பிளாஸ்டிக் கிண்ணத்தில், வெயில் படாமல், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

கூண்டில் துடைப்பம் வேண்டாம். எச்சத்தைச் சொதசொதவென நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுரண்டிப் பையில் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகே பிளீச்சிங்: 10 லிட்டருக்குப் புதிய பவுடர் 60 கிராம், புறாக்களை வெளியேற்றிவிட்டு 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். முகத்துக்கு என்95, துணி மாஸ்க் இந்தத் தூசியைத் தடுக்காது. கர்ப்பிணிகள் மாடிப் பக்கமே வர வேண்டாம்.

இனி எந்தப் புறா வாங்கினாலும் 30 நாள் தனியே. குஞ்சுக்கு வாயோடு வாய் வைத்து இரை ஊட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஊட்டுங்கள்.