டேமுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஊர்க்காரங்க எப்ப பேசறது? குந்தா பக்கத்து வாசகர் ஒருத்தருக்கு பதில்

கேள்வி: எங்க ஊரு, நீலகிரியில ஹட்டின்னு சொல்வோம், மஞ்சூருக்கும் எமரால்டுக்கும் நடுவுல இருக்கு. கேரட், பூண்டு, கொஞ்சம் தேயிலை. பையன் அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ்ல வேலை பாக்கறான். அவன் வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பம்ப்டு ஸ்டோரேஜ் பவர் ஹவுஸ் (தண்ணியை மேல ஏத்தி வச்சு, அப்புறம் இறக்கி கரண்ட் எடுக்கறது) இருக்காம், அதுக்கு லைசென்ஸ் முடிஞ்சு புதுப்பிக்கறப்ப விவசாயிங்க, மீன் பிடிக்கறவங்க எல்லாரும் கருத்து சொன்னாங்களாம். இங்கயும் குந்தா பம்ப்டு ஸ்டோரேஜ் வேலை நடக்குது, சில்லஹள்ளான்னு இன்னொன்னும் பேசறாங்க. இங்க லைசென்ஸ் எப்ப புதுப்பிப்பாங்க, நாங்க எப்படி உள்ள போறது? எங்க கவலை எல்லாம் ஊத்துத் தண்ணிதான்.

பதில்: ஐயா, முதல்ல ஏமாத்தத்தை சொல்லிடறேன். இங்க புதுப்பிக்கறதுக்கு லைசென்ஸே கிடையாது. 2003 மின்சாரச் சட்டம் 7-வது பிரிவுலயே கரண்ட் உற்பத்தி பண்ண லைசென்ஸ் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க. தண்ணியில ஓடற பவர் ஹவுஸுக்கு மட்டும் 8-வது பிரிவுல ஒரு தனி ஏற்பாடு இருக்கு, குறிப்பிட்ட தொகைக்கு மேல செலவாகும்னா மத்திய மின்சார ஆணையத்துக்கிட்ட ஒப்புதல் வாங்கணும், டேம் பத்திரமா இருக்குமா, ஆத்துத் தண்ணியை சரியா பயன்படுத்தறாங்களான்னு அவங்க பாப்பாங்க. அது ஒரு தடவை வாங்கறது, அவ்வளவுதான். பைக்காரா பவர் ஹவுஸ் 1932-லருந்து ஓடுது, "இன்னும் ஓட்டலாமா"ன்னு இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ஊரைக் கேக்கணும்னு எந்த சட்டமும் சொல்லலை. சில பேர் "40 வருஷம்தான் ஆயுள், அப்புறம் புதுசா அனுமதி வாங்கணும்"னு சொல்வாங்க, அந்த 40 வருஷம் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலைக் கணக்குக்காக வச்ச ஆயுள், அனுமதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

உங்க பையன் சொன்னது அநேகமா நார்த்ஃபீல்டு மவுண்டனா இருக்கும். 1972-ல ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட 1,100 மெகாவாட்டுக்கு மேல. கனெக்டிகட் ஆறுதான் அதுக்கு கீழ் டேம் மாதிரி, ஆத்துல இருந்து தண்ணியை மலை மேல ஏத்தி வச்சுட்டு, கரண்ட் தேவைப்படறப்ப திறந்து விடறாங்க. அங்க 1920-லயே ஒரு சட்டம் போட்டு, ஆறு பொதுச் சொத்து, அதுல கம்பெனி கரண்ட் எடுக்கணும்னா லைசென்ஸ் வாங்கணும், அதிகபட்சம் 50 வருஷம்னு வச்சுட்டாங்க. முடியறதுக்கு 5 வருஷம் முன்னாடியே "புதுப்பிக்கப் போறேன்"னு அறிவிக்கணும், 2 வருஷம் முன்னாடி முழு விண்ணப்பம் போகணும். நார்த்ஃபீல்டு லைசென்ஸ் 2018-ல முடிஞ்சது, பேச்சுவார்த்தை முடியாததால அப்புறம் வருஷா வருஷம் தற்காலிக லைசென்ஸ்லயே ஓட்டிட்டிருந்தாங்க. அங்க முக்கியமான சண்டையில ஒன்னு கரை அரிப்பு. தண்ணி ஏத்தி இறக்கறதுல ஆத்து மட்டம் ஏறி இறங்கி, கரையோர நிலம் சரிஞ்சு விழுதுன்னு விவசாயிங்க சொன்னாங்க, கம்பெனி அதுக்குக் காரணம் வெள்ளம், படகு எல்லாம்னு சொல்லுச்சு. நம்ம ஊர்ல நடந்தாலும் வார்த்தை மாறாம இதையேதான் பேசுவாங்க!

அங்க இருந்து நாம எடுத்துக்க வேண்டியது ஒரே விஷயம். பொதுவா "கருத்து சொல்லலாம்"னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா கருத்துக்கு அங்கயும் பெரிய மதிப்பு கிடையாது, மதிப்பு இருக்கறது ரெண்டுக்குத்தான். ஒன்னு, லைசென்ஸ் வழக்குல ஒரு தரப்பா பேர் பதிஞ்சுக்கறது, அப்படி பதிஞ்சவங்க மட்டும்தான் பின்னாடி உத்தரவை எதிர்த்து மறுவிசாரணை கேக்க முடியும், கோர்ட்டுக்குப் போக முடியும், வெறும் லெட்டர் போட்டவங்களால முடியாது. ரெண்டாவது, ஆரம்பத்துலயே "இந்த ஆய்வைப் பண்ணுங்க"ன்னு கேக்கறது. கம்பெனி முதல் ஆவணத்தைக் குடுத்து, லைசென்ஸ் குடுக்கற கமிஷன் நோட்டீஸ் விட்டதுலருந்து 60 நாளைக்குள்ள கேக்கணும், கேக்கறதுக்கும் 7 நிபந்தனை வச்சிருக்காங்க. ஆய்வோட நோக்கம் என்ன, பொதுநலன் என்ன, ஏற்கனவே என்ன தகவல் இருக்கு, அது ஏன் பத்தாது, திட்டம் ஓடறதுக்கும் இந்தப் பாதிப்புக்கும் என்ன தொடர்பு, எந்த முறையில அளக்கணும், எவ்வளவு செலவு ஆகும், இப்படி போகும். இந்த வடிவத்துல ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா அதை மறுக்கறதுக்கு அதிகாரி காரணம் சொல்லியாகணும். "எங்க வாழ்வாதாரம் பாதிக்கும்"னு 10 பக்கம் எழுதினா "பெறப்பட்டது"ன்னு சீல் அடிச்சு வச்சுடுவாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வரேன். இங்க உங்களுக்குத் திறக்கற கதவு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. புதுசா ஒரு திட்டம் வந்தா, பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேணும்னு வகைப்படுத்தின திட்டமா இருந்தா, அதுல கூட்டம் நடத்தணும். எல்லாத் திட்டமும் அந்த வகையில வராது, சிலதுக்குக் கூட்டமே இல்லாம போயிடும், அதனால சில்லஹள்ளா மாதிரி முன்மொழிவுன்னா முதல் வேலையா மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் வெப்சைட்ல போய் எந்த வகைன்னு பாருங்க, பேரன் பேத்தி யாராவது காலேஜ்ல இருந்தா அரை மணி நேர வேலை. கூட்டத்துக்குக் குறைஞ்சது 30 நாள் முன்னாடி பேப்பர்ல நோட்டீஸ் வரணும், ஒரு இங்கிலீஷ் பேப்பர், ஒரு தமிழ் பேப்பர். வரைவு அறிக்கை கலெக்டர் ஆபீஸ்ல, உள்ளாட்சி ஆபீஸ்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல வச்சிருக்கணும், அதோட சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். முழு அறிக்கை இங்கிலீஷ்லதான் இருக்கும், பல நூறு பக்கம். எல்லாத்தையும் படிக்க வேண்டாம், நிலத்தடி நீர் அத்தியாயத்துல உங்க ஹட்டி பேரு இருக்கான்னு மட்டும் முதல்ல தேடுங்க. இல்லைன்னா அதுவே உங்க முதல் கேள்வி.

கூட்டத்தைப் பத்தி ரெண்டு விஷயம், நான் நேர்ல பாத்தது. மலையில ஒரு கூட்டம், எந்தத் திட்டம்னு சொல்ல வேண்டாம், காலையில 40, 50 பேர் மைக்கைப் பிடிச்சு "வேண்டாம், வேண்டாம்"னு பேசிட்டு மத்தியானம் பிரியாணிப் பொட்டலம் வாங்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. கடைசியில ஒருத்தர் எழுந்து, சர்வே நம்பர் சொல்லி, தன் தோட்டத்து ஊத்து சுரங்கப் பாதையில இருந்து எத்தனை மீட்டர்னு கேட்டு, வத்திப் போனா யார், எத்தனை நாள்ல, எங்க இருந்து தண்ணி குடுப்பாங்கன்னு மூணே மூணு கேள்வி கேட்டாரு. பின்னாடி வந்த அறிக்கையில 50 பேர் பேசினதுக்கு ஒரு வரி, "சிலர் எதிர்ப்பு தெரிவித்தனர்". அவர் கேட்டதுக்கு முக்கால் பக்கம் பதில், மாத்துத் தண்ணி தர்றதா எழுத்துல ஒப்புக்கிட்டாங்க. கூட்டத்துல எழுப்பற ஒவ்வொரு முக்கிய விஷயத்துக்கும் இறுதி அறிக்கையில பதில் வரணும்னு அறிவிக்கையே சொல்லுது, அதனால கேள்வியா கேட்டாத்தான் பதில் வரும்.

ரெண்டாவது இன்னும் முக்கியம், யாரும் சொல்ல மாட்டாங்க. கூட்டம் முடியறப்ப நடந்ததோட சுருக்கத்தை அங்கயே தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், அப்புறம்தான் கலெக்டர் அன்னைக்கே கையெழுத்துப் போடணும். வீடியோவும் எடுக்கணும். அந்த வாசிப்பு வரைக்கும் உக்காருங்க, நீங்க சொன்னது விட்டுப் போயிருந்தா அப்பவே எழுந்து "ஐயா, ஊத்து விஷயம் விட்டுப் போச்சு"ன்னு சொல்லுங்க. குளிரா இருக்கும், இருட்டிடும், பஸ்ஸு போயிடும், ஆனாலும் உக்காருங்க. வர முடியாதவங்க எழுதியும் அனுப்பலாம், அதுக்கும் இதே மதிப்புதான்.

குந்தா திட்டத்துக்கு அந்தக் கட்டம் எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. போர்த்திமந்து டேம் மேல, அவலாஞ்சி-எமரால்டு டேம் கீழ, 125 மெகாவாட் மெஷின் நாலு, மொத்தம் 500. பகல்ல சோலார் கரண்ட் மிஞ்சறப்ப கீழ இருந்து மேல தண்ணியை ஏத்தி, சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட் போடற நேரத்துல இறக்கறது. 100 யூனிட் செலவு பண்ணா 75, 80 யூனிட்தான் திரும்பி வரும், இருந்தாலும் தேவையான நேரத்துல வர்றதால லாபம்னு கணக்கு. ஆனைமலையில காடம்பாறை 1980-கள் கடைசியில இருந்து இதே வேலையைப் பண்ணுது, 400 மெகாவாட். உங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியற மாத்தம் டேம் ஓரத்துலதான் இருக்கும். இப்ப கோடையில எமரால்டு ஓரமா நின்னா மேட்டுல செம்மண் பட்டை தெரியுமில்ல, அது மாசக்கணக்குல மெதுவா இறங்கறது, மெஷின் ஓட ஆரம்பிச்சா மட்டம் ஒரே நாள்ல ஏறும் இறங்கும். எவ்வளவு அடி ஏறி இறங்கும், கரை சரியுமான்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

எப்படி கேக்கறது? சுற்றுச்சூழல் அனுமதி வாங்கின ஒவ்வொரு திட்டமும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன் 1, டிசம்பர் 1-ல, நிபந்தனையை எல்லாம் நிறைவேத்தறோமான்னு அறிக்கை குடுக்கணும், அது பொது ஆவணம். முதல்ல அனுமதிக் கடிதத்தை எடுங்க, அதுல தண்ணி பத்தி, வெடி வைக்கறது பத்தி, தோண்டின கல்லு மண்ணைக் கொட்டற இடம் பத்தி என்ன நிபந்தனை இருக்குன்னு பாருங்க, அப்புறம் அறிக்கையில அதே நம்பருக்கு நேரா என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. "நிறைவேற்றப்படுகிறது"ன்னு மட்டும் இருந்தா ஒரு ஆர்டிஐ போடுங்க, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் வரணும். "ஊற்றுகள் பாதிக்கப்படுமா?"ன்னு கேக்காதீங்க, அது கருத்து, பதில் தர மாட்டாங்க. "எந்தெந்த ஊற்றில், எந்தத் தேதியில், எத்தனை லிட்டர் அளக்கப்பட்டது, பதிவேட்டின் நகல் தருக"ன்னு கேளுங்க, அது தகவல்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கும் ஆயுள் உண்டுங்கறது இன்னொரு வாய்ப்பு. டேம் மாதிரி ஆத்துப் பள்ளத்தாக்கு திட்டத்துக்கு 2022 திருத்தத்துக்கு அப்புறம் 13 வருஷம், அதுக்குள்ள கட்டி முடிக்கலைன்னா நீட்டிப்பு கேக்கணும், திட்டத்தை மாத்தினா திருத்தம் கேக்கணும். அந்த மாதிரி நேரம்தான் நம்ம ஊர்ல உங்க பையன் ஊர் லைசென்ஸ் புதுப்பிப்புக்குக் கொஞ்சமாவது பக்கத்துல வரும். புது அனுமதியை எதிர்க்கணும்னா சென்னையில இருக்கற பசுமைத் தீர்ப்பாயத்துக்கு 30 நாள்ல போகணும், தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள் கிடைக்கும், அதுக்கு மேல ஒரு நாள்கூட கிடைக்காது. காட்டு நிலம் எடுக்கறாங்கன்னா வன உரிமைச் சட்டப்படி கிராம சபை வருது, கீழ இருக்கற இருளர், குறும்பர் ஊர்க்காரங்களோட சேந்து பேசுங்க, அவங்க குரலுக்கு அங்க சட்டத்துல உங்களைவிட அதிக பலம்.

டேம் பத்திரம் தனி விஷயம். 2019 ஆகஸ்ட் 8-ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை பெஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு பெரிய டேமுக்கும் அவசரகாலத் திட்டம் இருக்கணும், மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் பரிசோதனை நடக்கணும். உங்க ஊர் அந்தத் திட்டத்துல எந்தப் பகுதியில வருது, சைரன் அடிச்சா எந்த மேட்டுக்கு ஏறணும்னு கிராம சபையில கேளுங்க.

இப்ப ஊத்து. டன்னல் வெட்டறப்ப பாறை இடுக்கு வழியா நிலத்தடித் தண்ணி உள்ள இறங்கிடறது உலகம் முழுக்க நடக்கற விஷயம், எல்லா ஊத்துக்கும் நடக்கும்னு இல்லை. பிரச்சனை எங்கன்னா, வத்தினதுக்கு அப்புறம் நீங்க போய் சொன்னா "முன்னாடி எவ்வளவு வந்துச்சு?"ன்னு கேப்பாங்க. "நல்லா வந்துச்சுங்க"ன்னு சொல்வீங்க. முடிஞ்சுது கதை. அதனால இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிங்க. 10 லிட்டர் பக்கெட், ஒரு செல்போன். ஊத்து வாய்ல பைப்பு வச்சு பக்கெட் நிறையற வரைக்கும் ஸ்டாப்வாட்ச் ஓடவிடுங்க. 40 செகண்ட்ல நிறைஞ்சா நிமிஷத்துக்கு 15 லிட்டர். மூணு தடவை பிடிச்சு நடு எண்ணை எழுதுங்க. தேதி, நேரம், முந்தின வாரம் மழை பெஞ்சுதா, எல்லாம் ஒரு அட்டை போட்ட நோட்டுல, பேனாவால, அடிச்சுத் திருத்தாம. மாசத்துக்கு ஒரு தடவை போட்டோ. ஊர்ல நாலு ஊத்துன்னா நாலுக்கும். டன்னலுக்கு ரொம்ப தள்ளி இருக்கற ஊத்து ஒன்னையும் சேத்து அளங்க, ஏன்னா மழை குறைஞ்சதால வத்துச்சுன்னு சொல்வாங்க, அப்ப அந்த தூரத்து ஊத்து நல்லா ஓடிட்டிருந்தா உங்க பக்கம் பேசும். ஒரு முழு வருஷம், தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் பாத்திருக்கணும். அப்புறம் நோட்டோட நகலை அக்டோபர் 2 கிராம சபையில வச்சு தீர்மானப் புத்தகத்துல ஏத்திடுங்க.

பக்கெட்டை மட்டும் நடுவுல மாத்திடாதீங்க, வீட்ல இருந்து எடுத்துட்டுப் போனா யாராவது சாணி கரைக்க எடுத்துடுவாங்க, தனியா ஒன்னு வாங்கி மேல பெயிண்ட்ல எழுதி வச்சுடுங்க.