ஒரே தேதி, இரண்டு மரணங்கள்

கேள்வி: அமெரிக்காவின் முன்னாள் அதிபர்கள் இருவர் ஒரே நாளில் இறந்ததாகப் படித்தேன். உண்மையா? "வரலாற்றில் இன்று" பகுதிகளில் வரும் தேதிகளை அப்படியே நம்பலாமா?

பதில்: உண்மைதான். சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டு சரியாக 50 ஆண்டுகள் நிறைவடைந்த 1826 ஜூலை 4 அன்று, அதில் கையெழுத்திட்ட தாமஸ் ஜெஃபர்சன் நண்பகலை ஒட்டி வர்ஜீனியாவிலும், ஜான் ஆடம்ஸ் அன்று மாலை மாசசூசெட்ஸிலும் காலமானார்கள். அரசியலில் பகைத்துப் பிரிந்து, 1812 முதல் மீண்டும் கடிதங்களால் நெருங்கியவர்கள் அவர்கள். நண்பர் போய்விட்டதை அறியாத ஆடம்ஸ், "ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்" என்று இறுதியாகச் சொன்னதாகக் கூறப்படுவதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் கனத்துவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, இன்னொரு முன்னாள் அதிபரான ஜேம்ஸ் மன்றோவும் அதே ஜூலை 4 அன்றுதான் இறந்தார்.

தேதிகளை நம்பலாம், ஆனால் எந்த நாட்காட்டியின்படி என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டு, இன்று வழக்கில் உள்ள கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஜெஃபர்சனின் கல்லறைத் தூணிலேயே இதற்குச் சான்று இருக்கிறது: பிறந்த நாள் 1743 ஏப்ரல் 2 என்றும், அருகில் "பழைய கணக்கு" என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சுருக்கமும் பொறிக்கப்பட்டுள்ளன. இன்றைய நாட்காட்டியில் அது ஏப்ரல் 13. ஆகவே 1752-க்கு முந்தைய ஆங்கிலேயப் பிறந்த நாளொன்றை, முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்ட ஃபிரான்ஸிலோ இத்தாலியிலோ நடந்த நிகழ்ச்சியுடன் ஒரே தேதியில் சேர்ப்பதற்கு முன், இரண்டையும் ஒரே நாட்காட்டிக்கு மாற்றிப் பாருங்கள்.