100 ஆர்டருக்கு 501 வினவல்

கேள்வி: மொத்த மளிகைக் கடை ஒன்றுக்கு லாராவெலில் (பிஎச்பி மொழியில் இணையதளம் கட்ட உதவும் சட்டகம்) ஆர்டர் தளம் எழுதியிருக்கிறேன். ஆர்டர் பட்டியல் என் லேப்டாப்பில் சட்டென்று வருகிறது. ஹோஸ்டிங்கில் ஏற்றினால் நான்கைந்து விநாடி ஆகிறது. ஹோஸ்டிங் வாங்கிக் கொடுத்தவர் 16 ஜிபி பிளானுக்கு மாறச் சொல்கிறார். மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். ராமைக் கூட்டினால் அவருக்குக் கமிஷன் வரும், பக்கம் அதே வேகத்தில்தான் வரும்.

உங்கள் பக்கம் 100 ஆர்டரைக் காட்டுகிறது என்று வையுங்கள். ஆர்டர்களை எடுக்க டேட்டாபேஸுக்கு ஒரு வினவல் (க்வெரி). பிறகு லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயரையும் கேட்கும்போது ஆர்டருக்கு ஒரு வினவல், ஆக 100. பொருள் வரிசைகளுக்கு இன்னொரு 100. ஆர்டருக்கு 3 பொருள் என்றால் பொருளின் பெயருக்கு 300. மொத்தம் 501. டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருந்து, ஒவ்வொன்றும் போய் வர 8 மில்லிவிநாடி ஆனால், காத்திருப்பதிலேயே 4 விநாடி கரைந்துவிடும். லேப்டாப்பில் எல்லாம் ஒரே மெஷினில் இருக்கிறது, சோதனை ஆர்டரும் பத்தோ இருபதோதான். அங்கே எப்படித் தெரியும்?

ஆர்டர்களை எடுக்கும் வரியில், தொடர்புள்ளவற்றை முன்கூட்டியே ஏற்றும் 'வித்' சேர்த்து, கஸ்டமர் உறவையும், ஐட்டம்ஸ் புள்ளி ப்ராடக்ட் என்று உள்ளுறவையும் கொடுங்கள். தேவையான ஐடிகளை மொத்தமாகத் திரட்டிக் கேட்பதால் நான்கே வினவல். பட்டியலைப் பல பக்கமாகப் பிரித்திருந்தால் மொத்த ஆர்டரை எண்ண ஒரு வினவல் கூடும், அவ்வளவுதான். சரியாயிற்றா என்று, பக்கம் அனுப்பும் வினவல்களைக் காட்டும் டீபக்பார் கருவியில் எண்ணிப் பாருங்கள். அதை உங்கள் மெஷினில் மட்டும் வையுங்கள். நேரடித் தளத்தில் விட்டால் உங்கள் வினவல்களை ஊரே படிக்கும்.

'வித்' போட்ட பிறகும் எண்ணிக்கை குறையவில்லையா? ஐட்டம்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்புக்குறியோடு எழுதினால் ஏற்கெனவே ஏற்றியதை ஒதுக்கிவிட்டுப் புது வினவல் போகும். ஆர்டரில் எத்தனை பொருள் என்ற எண் மட்டும் போதுமென்றால் 'வித்'துக்குப் பதில் 'வித்கவுண்ட்' போடுங்கள். நெடுவரிசைகளைக் குறைக்கும்போது ஐட்டம்ஸ் பக்கம் ஆர்டர் ஐடியை விட்டுவிடாதீர்கள். விட்டால் பிழைச் செய்தியே வராது, பட்டியல் மட்டும் காலியாக நிற்கும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தவறான விவரத்தைக் காட்டும். ஆர்டருக்கு முதல் 3 பொருள் போதும் என்று 'வித்'துக்குள் லிமிட் 3 போடுகிறீர்கள். லாராவெல் 10 வரை அந்த லிமிட் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாகப் பொருந்தாது. 100 ஆர்டருக்கும் சேர்த்தே 3 வரிசைதான் வரும். ஓரிரு ஆர்டரில் பொருள் தெரியும், மற்றவை வெறுமையாக இருக்கும். கடைக்காரர் டேட்டா அழிந்துவிட்டது என்று பதறுவார். 2024இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்துதான் லிமிட் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக வேலை செய்கிறது. பழைய பதிப்பில் இருந்தால் லிமிட்டை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஏற்றி, காட்டும் இடத்தில் மூன்றை மட்டும் எடுங்கள்.

லூப்புக்குள் ஒவ்வொன்றாகக் கேட்டு ஏற்றும் இந்தச் 'சோம்பேறி ஏற்றத்தை'த் தடுக்கும் சுவிட்ச், 'ப்ரிவென்ட்லேஸிலோடிங்', 2021 முதல் லாராவெலிலேயே இருக்கிறது. ஆனால் அணைத்தே தருகிறார்கள்! ஆப்சர்வீஸ்ப்ரொவைடரின் பூட் முறையில், புரொடக்‌ஷன் அல்லாத இடங்களுக்கு மட்டும் போட்டுவிடுங்கள். லூப்புக்குள் அப்படிப்பட்ட ஏற்றம் நுழைந்தால் உங்கள் மெஷினிலேயே பிழை காட்டி நிற்கும்.

டேபிளில் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸையும் பாருங்கள். ஐட்டம்ஸ் டேபிளில் ஆர்டர் ஐடிக்கு ஃபாரின் கீ கட்டுப்பாடு (அந்த ஐடி ஆர்டர் டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) வைத்திருந்தால், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால் தானே இன்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரெஸ் என்றால் போடாது. வெறும் எண் நெடுவரிசையாக விட்டிருந்தால் இரண்டிலும் கிடையாது, முழு டேபிளையும் துழாவும்.

இத்தனைக்குப் பிறகும் மெதுவாக இருந்தால், ஹோஸ்டிங்காரரிடம் ராமைப் பற்றிப் பேச வேண்டாம். தளம் ஓடும் சர்வர் எந்த ஊரில், டேட்டாபேஸ் எந்த ஊரில் என்று கேளுங்கள். ஒன்று மும்பையிலும் மற்றது சிங்கப்பூரிலும் இருந்தால், இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.