ஜனவரி விடுமுறையும் ஏழாம் வாய்ப்பாடும்

அன்புள்ள சார்,

வணக்கம். தெற்கு தில்லியில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். டிசம்பர் பாதி தாண்டினால் யாருக்கும் பாடத்தில் மனம் நிற்பதில்லை. ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். மற்றவர்கள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனவரி 16-ல் திரும்பி வரும்போது ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகிறது, எழுத்தில் ரவும் றவும் இடம் மாறுகின்றன. போன வருடம் ஹாலிடே ஹோம்வர்க்கை முடித்தால் ஸ்டாரும் சாக்லேட்டும் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். வந்ததெல்லாம் அம்மா அப்பா செய்த சார்ட். கொஞ்ச நாளில் ஸ்டாரின் மவுசும் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. இந்த வருடம் என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை, புது தில்லி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

முதலில் மறதியைப் பற்றி. நீங்கள் பயப்படும் அளவுக்கு அது பெரிதல்ல. ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1996-ல், கோடை விடுமுறையில் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்குகிறார்கள் என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அத்தனை நீண்ட விடுமுறைக்கே சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுதான் சரிவு. வாசிப்பைவிடக் கணக்கில்தான் அதிகம் அடிபட்டது. நம்முடையது 15 நாள். ஏழாம் வாய்ப்பாடு உள்ளேதான் இருக்கிறது, கூப்பிட்டால் வர நேரமாகிறது, அவ்வளவுதான். அதனால் 16-ஆம் தேதி வந்ததும் டெஸ்ட் வைக்காதீர்கள். தினமும் ஐந்து நிமிடம், மார்க் போடாமல், வாயால் கேளுங்கள். ஒரே நாளில் மொத்தமாகப் படிப்பதைவிடப் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தால் மனதில் நிற்கும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன் மீதே சோதித்து எழுதிவிட்டார்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. விடுமுறைக்கென்று பிள்ளையிடம் எதைக் கேட்டாலும், அது பள்ளி திறந்த அன்று வகுப்பில் பயன்பட வேண்டும். பயன்படாது என்றால் கேட்கவே கூடாது. சார்ட் ஏன் அம்மா கையால் வருகிறது? அது சுவரில் ஒட்டப்படும், பிறகு அலமாரிக்கு மேலே போகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கும் தெரியும். மார்க்கெட்டில் தெர்மாகோல் மாடலைச் செய்தே விற்கிறார்கள். அந்தக் காசும் நேரமும் யாருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம், மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. விடுமுறையில் அதற்கும் குறைவாக இருப்பதுதான் நியாயம்.

ஸ்டார் விஷயத்துக்கு வருகிறேன். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதில் தானாகவே ஆசை உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சிலரிடம் மட்டும் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுக்கப்பட்டவர்களின் ஆசை குறையவில்லை. ஆக, ஸ்டார் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகச் செய்த பிள்ளையை எதிர்பாராமல் தட்டிக்கொடுங்கள். டிசம்பரிலேயே விலை பேசாதீர்கள்.

சரி, எதைக் கேட்கலாம்? தில்லிக் குளிர்காலத்தில் எல்லா வீட்டுக்கும் வருவது பச்சை மட்டர், அதாவது பட்டாணி. மத்தியானம் பால்கனியில் வெயில் விழும் இடத்தில் பாயைப் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொண்டு உரிக்காத வீடு குறைவு. எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி ஒவ்வொரு காயையும் பிளக்கும் முன் காதருகே ஆட்டிப் பார்த்து "இதில் எட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் பிளப்பாள். உங்கள் பிள்ளைகளும் அதையே செய்யட்டும். 20 காய்களை உரிக்க வேண்டும். பிளக்கும் முன் ஊகித்த எண்ணையும், உள்ளே இருந்த மணிகளின் எண்ணையும் நோட்டில் டாலி மார்க்காகக் குறிக்க வேண்டும். ஏழு மணி உள்ள காய்களை மட்டும் தனியே வைத்து 7, 14, 21 என்று எண்ணிப் பார்க்கட்டும். 16-ஆம் தேதி எல்லோருடைய கணக்கையும் கரும்பலகையில் ஒன்றாகச் சேர்த்து ஒரு படம் போடுங்கள். எந்த எண் அதிகம் வந்தது, யார் ஊகம் கிட்டத்தில் இருந்தது என்று பேச ஆரம்பித்தால் ஒரு பீரியட் போதாது. இதை அம்மா செய்து தர முடியாது, செய்யவும் தோன்றாது.

ரயிலில் போகிறவர்களுக்கு இன்னும் நல்ல வேலை இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 33 மணி நேரம் ஒரு பிள்ளை என்ன செய்யும்? பகலில் தாண்டும் ஆறுகளின் பெயரையும் நேரத்தையும் எழுதட்டும். சம்பலும் கிருஷ்ணாவும் இரவில் போய்விடும், நர்மதையும் கோதாவரியும் பகலில் வரும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே எத்தனை மணி எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது நான்காம் வகுப்புக் கணக்கு. ஸ்டேஷன் பலகையில் இந்தியோடு தெலுங்கும் சேரும், கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது தெலுங்கு போய்த் தமிழ் வந்துவிடும். அங்கிருந்து சென்னை வரை தமிழ்ப் பலகைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பொன்னேரி, எண்ணூர், திருவொற்றியூர். ரவும் றவும் ஒரே பெயரில் நிற்கிற திருவொற்றியூரை ஜன்னலில் பார்த்து எழுதிய பிள்ளைக்கு நீங்கள் தனியாக டிக்டேஷன் வைக்க வேண்டியதில்லை.

தில்லியிலேயே இருப்பவர்கள் சூரிய உதய, அஸ்தமன நேரத்தைச் செய்தித்தாளிலோ போனிலோ பார்த்துத் தினம் குறிக்கலாம். குறும்பகல் டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஜனவரி முதல் பாதியில் இங்கே உதய நேரம் 7.15-ஐ ஒட்டியே நிற்கும், அஸ்தமனம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். பதினைந்து நாளில் பத்து நிமிடம் போல வித்தியாசம் வரும். ஒரு பக்கம் நகராமல் மறுபக்கம் மட்டும் ஏன் நகர்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், பெரிய வகுப்பு அறிவியல் டீச்சரைக் கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஒன்று போதும். எது என்று பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் கடைசி வாரங்களுக்கு என் யோசனை ஒன்றுதான். கடைசிப் பீரியடில் பத்து நிமிடம் ஒரு நீண்ட கதையை நீங்களே உரக்கப் படியுங்கள். விடுமுறைக்கு முதல் நாள் நல்ல கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். முன்னாடியே ஊருக்குக் கிளம்பும் பிள்ளைக்கு, அது போகும் நாள்வரை நடந்த கதை தெரியும், மிச்சத்தை வந்து கேட்டுக்கொள்ளும்.

அப்புறம், தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2023-ல் காற்று மாசு காரணமாகக் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியை நவம்பர் 9 முதல் 18 வரை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். மறு ஜனவரியில் குளிர் தாங்காமல் ஐந்தாம் வகுப்பு வரை 12-ஆம் தேதி வரை மூடினார்கள். எந்த நாளில் மூடினாலும் பையில் போட்டுக் கொடுத்துவிடும்படி இந்த மூன்று வேலைகளையும் எழுதிய ஒற்றைத் தாள் நவம்பரிலேயே உங்கள் மேசையில் தயாராக இருக்கட்டும்.

கடைசியாக, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள். முன்னே சொன்ன கூப்பரின் தொகுப்பில் என்னை மிகவும் உறுத்தியது இவர்களைப் பற்றிய பகுதிதான். கோடை விடுமுறையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் வாசிப்பு சில சோதனைகளில் முன்னேறியிருந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகளுடையது சரிந்திருந்தது. வீட்டில் புத்தகம் இருப்பதும் இல்லாததும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்று நான் நினைக்கிறேன். வகுப்பு அலமாரியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஆளுக்கு இரண்டு கதைப் புத்தகம், ஒன்று தமிழில், பையில் போட்டு அனுப்புங்கள். ஆர்.கே. புரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சில புத்தகங்கள் கிழியும், சில தொலையும். அந்தச் செலவைப் பள்ளி ஏற்க வேண்டும். பிள்ளையிடம் அபராதம் கேட்டால் அடுத்த வருடம் அது புத்தகத்தைக் கையில் வாங்காது.