ரோனாவில் தப்பியவரை நினைவுகூர: எங்கே தேடுவது, என்ன செய்வது?

கேள்வி: என் மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். மருமகள் அமெரிக்கப் பெண். அவளுடைய அம்மாவின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் 'ரோனா' என்ற துருப்புக் கப்பல் மூழ்கியபோது உயிர் தப்பியவராம். அதைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததே இல்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு பெட்டியில் சில கடிதங்களும் பதக்கங்களும் மட்டும் இருக்கின்றன. வரும் நவம்பரில் அவர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மருமகள் ஆசைப்படுகிறாள். ஆனால் எங்கே தேடினாலும் இறந்தவர் பட்டியல்தான் கிடைக்கிறது. தாத்தா பெயர் இல்லை. அவர் அந்தக் கப்பலில் இருந்தார் என்பதை எப்படி உறுதி செய்வது? நான் நாகப்பட்டினத்துக்காரி. சிறு வயதில் ரஜூலாவில் ஏறிப் பினாங்கு போனவள். ரோனா என்ற பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பதில்: அம்மா, ரஜூலாவில் போன உங்களுக்கு ரோனா அந்நியக் கப்பல் அல்ல. இரண்டும் 1926இல் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காகக் கட்டப்பட்டவை. ரஜூலா கிளாஸ்கோவில் உருவானது, ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊரில். மதராஸ், நாகப்பட்டினம், சிங்கப்பூர் என்று ஒரே தடத்தில் ஓடுவதற்காகவே இரண்டையும் கட்டினார்கள். போர் வந்ததும் இரண்டையும் துருப்புக் கப்பல்களாக எடுத்துக்கொண்டார்கள். ரஜூலா போரைத் தாண்டித் திரும்பி வந்து, உங்களைப் போன்றவர்களை மறுபடி ஏற்றிக்கொண்டது. ரோனா திரும்பவில்லை.

1943 நவம்பர் 25ஆம் தேதி அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படையினர் ரோனாவில் இருந்தார்கள். அன்று அமெரிக்கர்களின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. சூயஸ் வழியாக இந்தியாவுக்கு வந்து, சீன, பர்மா போர்முனைக்கான வேலையில் சேர வேண்டியவர்கள் அவர்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு மேல், அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மானிய ஹைங்கல் விமானம் ஒன்றிலிருந்து விடப்பட்ட ஹென்ஷெல் 293 என்ற ரேடியோ வழிநடத்தும் குண்டு கப்பலின் இடப்பக்கத்தைத் துளைத்தது. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. 1,015 அமெரிக்கர்கள் மாண்டார்கள். கப்பல் ஊழியர்களையும் மற்றவர்களையும் சேர்த்தால் 1,138 பேர். ஏறிய அமெரிக்கர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களே கரை சேர்ந்தார்கள்.

தாத்தா பேசாமல் இருந்ததை அவருடைய சுபாவம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசக் கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருந்தது. வழிநடத்தும் குண்டு அப்போது புதிய ஆயுதம். அது எவ்வளவு வேலை செய்தது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். 1944 பிப்ரவரியில் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட அறிவிப்பில், ஐரோப்பியக் கடற்பகுதியில் ஒரு கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்று மட்டுமே இருந்தது. கப்பலின் பெயரே இல்லை. முழு விவரம் பொதுமக்களுக்கு எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் தப்பி வந்தவர்கள் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வேலையில் மூழ்கி, சொல்லும் வழக்கத்தையே விட்டுவிட்டார்கள். உங்கள் மருமகள் வீட்டு நிலைமைதான் பெரும்பாலான ரோனா குடும்பங்களிலும்.

பட்டியல்களில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் எளிது. நினைவுச் சுவர்கள் இறந்தவர்களுக்காகவே எழுப்பப்படுகின்றன. துனிசியாவில் கார்த்தேஜில் உள்ள வட ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில், காணாமல் போனோர் சுவரில் ரோனாவில் மாண்டவர்கள் பலரின் பெயர்கள் இருக்கின்றன. தப்பியவருக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. அவருடைய பெயரைக் காகிதங்களில் இருந்துதான் கூட்டிச் சேர்க்க வேண்டும்.

முதலில் தேட வேண்டியது அவருடைய விடுவிப்புச் சான்றிதழ். அக்காலத்தில் ராணுவத்தைவிட்டு வந்த சிப்பாய்களுக்குக் கொடுத்த தாளின் படிவ எண் 53-55. ஒரு பக்கம் சான்றிதழ், மறுபக்கம் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறைந்த சேவை விவரம், கீழே பெருவிரல் ரேகை. அதில் வெளிநாட்டுச் சேவைக்கென ஒரு கட்டம் இருக்கும்: அமெரிக்காவைவிட்டுக் கிளம்பிய தேதி, போன இடம், போய்ச் சேர்ந்த தேதி. கப்பலின் பெயருக்கு அதில் கட்டமே கிடையாது. ஆகவே 'ரோனா' என்று தேடிப் பார்த்து ஏமாற வேண்டாம். 1943 இலையுதிர் காலத்தில் கிளம்பி, இந்திய, பர்மாப் போர்முனையில் பணியாற்றியவர் என்று இருந்தால் கணக்கு பொருந்துகிறது. அவருடைய படைப்பிரிவின் பெயரையும் ராணுவ எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எங்கே எழுதிக் கேட்டாலும் முதலில் கேட்கப்படுவது அந்த இரண்டும்தான். ரோனாவில் பல பிரிவுகள் இருந்தன. அதிகமான பேரை இழந்தது 853ஆவது விமானப்படைப் பொறியாளர் பட்டாலியன். 322ஆவது ஃபைட்டர் கண்ட்ரோல் ஸ்குவாட்ரனும் அதில் இருந்தது.

சான்றிதழ் வீட்டில் இல்லையென்றால், பலரும் செயின்ட் லூயியில் உள்ள தேசியப் படையாளர் ஆவண மையத்துக்கு எழுதுவார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அங்கே 1973 ஜூலையில் பெரிய தீவிபத்து நடந்தது. 1912இலிருந்து 1959 வரை பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால் அதோடு தேடலை மூட்டை கட்டிவிடக் கூடாது. போர் முடிந்து ஊர் திரும்பிய பலர், சான்றிதழ் தொலைந்துவிடக் கூடாதென்று தங்கள் கவுண்டி அலுவலகத்தில், நம் சார்பதிவாளர் அலுவலகம் போன்ற இடத்தில், பதிவு செய்து வைத்தார்கள். தாத்தா 1945, 46 வாக்கில் எந்தக் கவுண்டியில் குடியிருந்தார் என்று உங்கள் சம்பந்தியம்மாவுக்கு நினைவிருக்கும். அங்கே விசாரிப்பது பல சமயம் செயின்ட் லூயியைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

செயின்ட் லூயியிலேயே கேட்க வேண்டிய இன்னொன்று, அவருடைய கம்பெனியின், அதாவது அவர் இருந்த சிறு படைப்பிரிவின், காலை அறிக்கைகள். ஒவ்வொரு கம்பெனியும் தினமும் காலையில் யார் புதிதாக வந்தார், யார் மருத்துவமனையில், யாரைக் காணவில்லை, யார் வேலைக்குத் திரும்பினார் என்று எழுதி அனுப்பிய தாள்கள் அவை. தனிநபர் கோப்புகளோடு அவை எரியவில்லை. 1943 நவம்பர் கடைசி வாரத்திலிருந்து 1944 ஜனவரி வரை உள்ள அறிக்கைகளைக் கேளுங்கள். அவரைக் காணவில்லை என்றோ, மருத்துவமனையில் இருக்கிறார் என்றோ, திரும்பி வந்துவிட்டார் என்றோ ஒரு வரி கிடைத்துவிட்டால், நீங்கள் தேடும் உறுதி அதுதான். என் அனுபவத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிட நல்ல காகிதம் அமைவதில்லை, ஏனென்றால் அது நடந்த வாரத்திலேயே எழுதப்பட்டது.

பெட்டியில் இருக்கும் கடிதங்களை இப்போது எடுத்துப் பாருங்கள். தணிக்கை இருந்ததால் கப்பலைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தையும் இருக்காது. வார்த்தையைத் தேடாமல் தேதிகளைப் பாருங்கள். நவம்பர் கடைசியில் தொடங்கி எத்தனை வாரம் கடிதமே இல்லை? அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் ராணுவத் தபால் நிலைய எண் மாறியிருக்கிறதா? கடிகாரம், ரேசர், குடும்பப் படம் என்று ஏற்கெனவே அவரிடம் இருந்தவற்றை மறுபடி அனுப்பச் சொல்கிறாரா? தப்பியவர்கள் கட்டிய துணியோடு கரையேறினார்கள். "அம்மாவின் படம் ஒன்று அனுப்பு" என்று டிசம்பரில் ஒரு வரி எழுதியிருந்தால், அதுவே அவர் கப்பலைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்குமூலமாக இருக்கலாம். உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி முத்திரை அதில்தான்.

பதக்கங்களில் ஒரு துப்பு உண்டு. இந்தியாவில் பணியாற்றியவருக்கு மஞ்சள் நாடாவுள்ள ஆசிய-பசிபிக் பதக்கம் கிடைத்திருக்கும். அதோடு பச்சையும் பழுப்புமான நாடாவில் ஐரோப்பிய-ஆப்பிரிக்கப் பதக்கமும் இருந்தால், மத்தியதரைக் கடல் பக்கம் அவர் கால் வைத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். இது துப்பு மட்டுமே, ஆதாரம் ஆகாது.

இதையெல்லாம் திரட்டும்போதே சம்பந்தியம்மாவிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்தான் மகள், இன்று மிச்சமிருக்கும் நேரடி நினைவு அவருடையது. "அப்பா கப்பலைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டால் "ஒன்றும் சொல்லவில்லை" என்பதுதான் பதிலாக வரும். கடலுக்குக் குடும்பத்தோடு போனால் அப்பா தண்ணீரில் இறங்குவாரா, நவம்பர் கடைசியில் எப்படி இருப்பார், ஆண்டுதோறும் யாருக்காவது கடிதம் எழுதுவாரா என்று கேட்டால் வேறு பதில் வரும். அந்தக் கடிதம் போன முகவரி இன்னொரு தப்பியவருடையதாக இருக்க வாய்ப்புண்டு.

அந்த இரவைப் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்லும்போது ஒன்றிரண்டு விவரங்களைத் துல்லியமாகச் சொல்வது நல்லது. படையினருக்குக் கொடுத்திருந்தது இடுப்பில் கட்டும் ரப்பர் குழாய் மிதவை. சின்ன வாயுக் குப்பியை அழுத்தினால் அது உப்பும். அதை அக்குள் வரை ஏற்றிக் கட்ட வேண்டும். பலருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. இடுப்பிலேயே விட்டு ஊதியவர்களின் உடம்பு தண்ணீரில் தலைகீழாகப் புரண்டது. அலை பதினைந்து, இருபது அடி எழும்பிக்கொண்டிருந்தது. படகுகளில் பலவற்றை இறக்கவே முடியவில்லை. இறக்கியவற்றில் பல கவிழ்ந்தன. பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இருட்டில் நின்று கயிறு வீசி 606 பேரை மேலே ஏற்றியது. தாத்தாவும் அதில் ஏறியவராக இருக்கக்கூடும். அந்தக் கப்பல் பெயரைக் குழந்தைகள் தெரிந்துகொள்ளட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தப்பிய அமெரிக்கர்கள் சிலரின் வாக்குமூலங்களில், கப்பலின் இந்திய ஊழியர்கள் முதலில் படகேறி ஓடினார்கள் என்ற குற்றச்சாட்டு வரும். மருமகள் படிக்கும்போது அது கண்ணில் படும், உங்களுக்கும் உறுத்தும். இருட்டும் எண்ணெயும் அலறலும் நிறைந்த நேரத்தில் ஒருவர் பார்த்தது கப்பலின் ஒரு மூலையை மட்டுமே. ஊழியர்கள் 195 பேர். அவர்களில் பாதிக்கும் மேல் செத்தார்கள். படையினருக்கு நேர்ந்த விகிதத்துக்கு இது குறைந்ததல்ல. எல்லோரும் ஓடித் தப்பினார்கள் என்ற கதை இந்தக் கணக்கின் முன்னால் நிற்காது. துருப்பிடித்த கொக்கிக்கும் இறங்காத படகுக்கும் அடுப்படியில் வேலை பார்த்த லஸ்கர், அதாவது இந்தியக் கப்பல் ஊழியர், பொறுப்பல்ல.

அந்த ஊழியர்களுக்கு இருக்கும் நினைவிடம் மிகச் சிறியது. இரண்டாம் உலகப் போரில் கடலில் மாண்ட இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் ஊழியர்களுமாக ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் ஒரு பெயரேட்டில் எழுதப்பட்டு, ஒரு பிரதி மும்பையிலும் ஒரு பிரதி சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் 'பம்பாய்-சிட்டகாங் நினைவகம்' என்று போட்டு, இறந்த தேதியையும் கொடுத்துத் தேடினால் ரோனாவின் ஆட்களை அடையாளம் காணலாம். தப்பிய ஊழியர்களின் பெயர்களுக்கு, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் பி.டி. 381 என்ற வரிசையில் இருக்கும் போர்க்காலக் கப்பல் ஊழியர் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் இருக்கும் நீங்கள் இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். மருமகள் தாத்தாவைத் தேடட்டும், நீங்கள் ஊழியர்களைத் தேடுங்கள்.

நினைவு நாளுக்கு இடம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரோனா நினைவுச் சின்னம் அலபாமாவில் ஃபோர்ட் மிட்செல் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 1996 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது. அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரச் சொச்சம். நவம்பர் 26 எப்போதும் தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டியே வரும், சில ஆண்டுகளில் அதே நாளில் வரும். குடும்பம் கூடியிருக்கும் அந்த விடுமுறையிலேயே போய் வரலாம். அங்கே பெரிய சடங்கு எதுவும் வேண்டாம். பூ வையுங்கள். தாத்தாவின் கடிதம் ஒன்றை அவருடைய மகள் படிக்கட்டும். அவருடைய பிரிவில் மாண்டவர்கள் சிலர் பெயரையும், நீங்கள் தேடி எடுத்த ஊழியர்கள் சிலர் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். தப்பியவர்கள் பலர் வாழ்நாளெல்லாம் தங்களைவிட மாண்டவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா பெயரை மட்டும் சொல்லி முடிப்பதைவிட இது அவர் மனசுக்கு நெருக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அவருடைய கல்லறை குடும்பக் கல்லறையாக இருந்தால், கல்லறை நிர்வாகத்தைக் கேட்டு, 'ரோனா, 26 நவம்பர் 1943' என்று ஒரு வரி சேர்க்கலாம். அசல் கடிதங்களும் படங்களும் போதிய அளவு இருந்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் படைவீரர் வரலாற்றுத் திட்டத்துக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். கொடுத்தால் அசல் திரும்பாது; குடும்பத்துக்கு நல்ல ஸ்கேன் பிரதி எடுத்துக்கொண்ட பிறகே அனுப்புங்கள்.

செயின்ட் லூயிக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம் எஸ்.எஃப். 180. பணி முடிந்து 62 வருடங்கள் தாண்டிய கோப்புகளை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிக் கேட்கலாம், ஆகவே மருமகள் பெயரிலேயே அனுப்பலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகக்கூடும். நவம்பருக்குள் கையில் இருக்க வேண்டுமென்றால் இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். கவுண்டி அலுவலகத்துக்கும் அன்றைக்கே ஒரு போன் போடட்டும்.