பத்தாம் வகுப்பில் விட்ட கணக்கு, மாந்தோப்பில் கிடைத்தது

பள்ளியில் வெறுத்துப்போன கணக்கு, பின்னால் எப்போதாவது பிடித்துப்போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்துப்போனது. அதற்குக் காரணம் ஒரு கயிறு.

எட்டாவது வரை கணக்கு என்றால் உயிர். பத்தாவதில் சைன், காஸ் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அதோடு விட்டுப்போயிற்று.

பல வருடம் கழித்து, காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் இரண்டு ஏக்கரில் பெங்களூரா மா வைக்க முடிவு செய்தோம். கன்றுக்குக் கன்று 30 அடி, சதுரமாக. ஏக்கருக்கு 48 கன்று என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். குழி எடுக்க வந்த பெரியவர், "முக்கோணமா வெச்சா கன்னு கூடப் பிடிக்கும் தம்பி" என்றார்.

முதல் வரிசையில் 30 அடிக்கு ஒரு முளை அடித்தார். பக்கத்துப் பக்கத்து முளைகள் இரண்டில் ஆளுக்கொரு 30 அடிக் கயிற்றைக் கட்டி இழுத்தோம். இரண்டு கயிற்றின் நுனியும் சேர்ந்த இடத்தில் அடுத்த வரிசையின் முளை. கன்றுகளுக்கு நடுவே அதே 30 அடிதான், ஆனால் வரிசைக்கு வரிசை டேப் பிடித்தால் 26 அடி. நான்கு அடி எங்கே போனது?

வரப்பில் உட்கார்ந்து செம்மண்ணில் குச்சியால் முக்கோணம் போட்டேன். அடிப்பக்கத்தில் பாதி 15. சாய்பக்கம் 30இன் வர்க்கம் 900; அதில் 15இன் வர்க்கம் 225 போனால் 675. போனில் வர்க்கமூலம் பார்த்தேன்: 25.98. அதை 30ஆல் வகுத்தால் 0.866. மூன்று பக்கமும் சமம், அதனால் மூலை 60 டிகிரி. சைன் 60! அன்று அட்டவணையில் வெறும் எண்ணாக இருந்தது, என் நிலத்தில் முளையாக நின்றது. உடம்பு சிலிர்த்துவிட்டது, நிஜமாக. ஒரு கன்றுக்கு 900 சதுர அடிக்குப் பதில் 30 பெருக்கல் 26, அதாவது 780 போதும், ஏக்கருக்கு 55 கன்று வரும். வரப்போரம், கிணற்றுமேடு போக மொத்தம் 104 வைத்தோம்.

அப்புறம் கணக்கு என்னை விடவில்லை. பண்ணைக்குட்டை வெட்டும்போது மேலே 20 மீட்டர் சதுரம், அடியில் 11, ஆழம் 3. மேல் பரப்பையும் அடிப் பரப்பையும் கூட்டி, பாதியாக்கி, ஆழத்தால் பெருக்கினால் 781.5 கன மீட்டர். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து முறைப்படி போட்டால் 741தான். 40,500 லிட்டர் வித்தியாசம். குட்டையின் நடுமட்டத்தில் பக்கம் 15.5 மீட்டர், அங்கே பரப்பு 240தான், சராசரி சொல்லும் 260 இல்லை. இதைப் படம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததில் அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போய்விட்டது.